வெள்ளச்சியின் வயிற்றில் இருந்தது

டாக்டரம்மா இறந்த செய்தி பால் சங்கத்தில் எனக்கு வந்தது. காலைப் பால் ஊற்ற வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். பால் அளக்கிற முருகையன் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, கையிலிருந்த குவளையை அப்படியே கேனுக்குள் நழுவ விட்டார். "இந்திராணி டாக்டர் போயிட்டாங்களாம்" என்றார். எனக்கு முன்னால் நின்றவன் எங்கள் ஊரான நெரவியில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்ட மாப்பிள்ளை. அவன் திரும்பிக் கேட்டான்: "எந்த டாக்டரு? கத்திக்காரம்மாவா?"

யாரும் அவனைத் திட்டவில்லை. "ஆமாங்க, அவங்கதான்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சொன்னது. அது கெட்ட எண்ணத்தில் சொன்னதும் இல்லை. எங்கள் ஊரில் அவருக்கு அதுதான் பெயர். பெயர் எப்படி வந்தது என்று தெரியாதவர்கள்கூட அதைச் சொல்லித்தான் அவரை அடையாளம் காட்டுவார்கள். ஒரு மனுஷி செத்த சேதி வந்த நிமிஷத்திலும் அந்தப் பெயர்தான் முந்திக்கொண்டு வந்தது. பாலை ஊற்றாமல் பாத்திரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சங்கத்தில் அவர் படத்தைத் திறக்கப்போகிறார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எழுத்தும் தெரியாது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். பேச்சை அவள் எழுத்துக்கு ஏற்றபடி சீர் செய்திருக்கிறாள். நடந்ததில் ஒன்றையும் மாற்றவில்லை. படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

என் தொழில் மாட்டுக்கு லாடம் அடிப்பது. வண்டி மாடுகள் போன பிறகு லாடமும் போனது. மாட்டுக்கு நோகாமல் கயிறு போட்டுச் சாய்க்கிற பழக்கம் மட்டும் கையில் மிச்சம் இருந்தது. டாக்டரம்மா இந்தப் பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்கு வந்த புதிதில், ஒரு முரட்டுக் காளையைப் படுக்க வைக்க முடியாமல் ஆட்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் கயிற்றைச் சுற்றி மெல்ல இழுத்தேன். தூக்கம் வந்து தானே படுத்ததுபோல் காளை படுத்தது. அவர் பாராட்டவில்லை. "உங்க பேரு என்ன பெரியவரே? நாளைக்குக் காலையில வேலை ஏதும் இருக்கா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எந்த ஊரில் மாட்டைப் படுக்க வைக்க வேண்டியிருந்தாலும் அவர் ஸ்கூட்டரின் பின்னால் நான் கயிற்றுச் சுருளோடு உட்கார்ந்து போனேன். இந்த வயதில் ஒரு பொம்பளைக்குப் பின்னால் வண்டியில் போகிறான் என்று சிரித்தவர்கள் உண்டு. அவரிடம் சொன்னேன். "சிரிக்கட்டும். நீங்க அந்தக் கயிறு என் சக்கரத்துல மாட்டாமப் புடிச்சுக்குங்க" என்றார்.

எந்த மாட்டிடம் போனாலும் அவர் முதலில் வாயைத் திறக்க மாட்டார். மாட்டின் இடப்பக்கம் போய், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இருக்கிற குழியில் கையை மடக்கி அழுத்திக்கொண்டு நிற்பார். கண்ணை மூடிக்கொள்வார். மாட்டுக்காரன் பக்கத்தில் நின்று, ராத்திரி என்ன தின்றது, எப்போது சாணி போட்டது என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அவர் காதில் ஏறாது. "டாக்டரம்மா மாட்டுக்கிட்ட குறி கேக்குது" என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். உள்ளே வயிறு ஒரு தரம் புரண்டு வந்து கையைத் தள்ளினால்தான் கண்ணைத் திறப்பார். "தள்ளுது பெரியவரே. வயித்துல கடை திறந்திருக்கு" என்பார். தள்ளாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைத் திறப்பார்.

சரோஜாவை உங்களுக்குத் தெரியும். புருஷன் போன பிறகு இரண்டு கறவை மாட்டை வைத்துப் பிழைப்பவள். காரைக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் பரிமாறுகிற வேலையில் இருந்த அவள் தம்பி, அக்காவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று பந்தியில் மிஞ்சின சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து கொடுத்தான். அவள் மாட்டுக்கு வைத்தாள். மறுநாள் நாங்கள் போகும்போது மாடு குடித்தவன்போல் தள்ளாடிக்கொண்டு நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. கண் உள்ளே போயிருந்தது. சாணி சாம்பல் நிறத்தில் தண்ணீராக ஒழுகியது. டாக்டரம்மா கையை மடக்கி அழுத்தினார். தள்ளவில்லை. பானையைக் குலுக்கினதுபோல் உள்ளே தண்ணீர் சளசளத்தது. மாட்டின் வாயைத் திறந்து முகர்ந்துவிட்டு என்னையும் முகரச் சொன்னார். பல நாள் புளித்த மோரின் வாடை.

"என்ன குடுத்தே சரோஜா?"

"சோறும்மா. கெட்டுப்போன சோறு இல்லம்மா. சுடச்சுட வந்துச்சு. நெய் வாசம்கூட இருந்துச்சு."

"அதான். கெட்டது எதுவும் உள்ள போகல. நல்லதுதான் அளவு தெரியாமப் போயிருக்கு."

சரோஜாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. டாக்டரம்மா வைக்கோல் மேல் உட்கார்ந்துகொண்டு, மருந்து கலக்கிக்கொண்டே சொன்னார். "நீ பாலுக்கு உறை ஊத்தறியே, அந்த மோர்ல என்ன இருக்கு? கண்ணுக்குத் தெரியாத கிருமி. அது பால்ல இருக்கற இனிப்பைத் தின்னுட்டுப் புளிப்பை விடுது. பாலு தயிராகுது. அதே சாதிக் கிருமி மாட்டு வயித்துலயும் இருக்கு. புல்லு தின்னற வரைக்கும் அது கொஞ்சமாத்தான் இருக்கும். புல்லைச் செரிக்கற வேற கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு ஊரு மாதிரி. இப்ப சோத்தைக் கொட்டினியா, இந்தப் புளிப்புக்காரங்களுக்குத் திருவிழா. ஒண்ணு நூறாகி, நூறு லட்சமாகி, வயிறு பூரா ஆசிட்டு."

"ஆசிட்டா?" என்றேன். "பேட்டரியில ஊத்தறதா?"

"அது வேற பெரியவரே. இதுக்கு லாக்டிக் ஆசிட்டுன்னு பேரு. உங்க வூட்டு மோர்ல இருக்கறதுதான். கொஞ்சமா இருந்தா ருசி. இவ்வளவு இருந்தா புல்லைச் செரிக்கற கிருமியெல்லாம் செத்துப்போகும். அப்புறம் வயித்துச் சுவரு வெந்து, புளிப்பு ரத்தத்துல ஏறும். ஒருத்தரே பெருத்துட்டா ஊரு தாங்காது. கடைசியில அந்தப் பெருத்தவங்களும் தங்களோட புளிப்புலயே சாவாங்க."

ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றினார். ரத்தக் குழாயில் பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார். மாடு தப்பிக்கும் என்று தெரிந்த பிறகு, "வண்டியில ஏறுங்க, பாய் கடைக்குப் போகணும்" என்றார். சரோஜாவிடம் ஒரு தூக்கு வாளியை வாங்கிக்கொண்டோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஜமால் பாய் கடையில் ஆடு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க டாக்டர். தொடையா, நெஞ்செலும்பா?"

"கறி வேணாம் பாய். இரைப்பையில இருக்கற தண்ணி வேணும். சூடு ஆறாம."

பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "அத நாங்க குப்பையில கொட்டறோம்மா!"

"அதுலதான் உசிரு இருக்கு. ஒரு மாட்டு வயித்துல எல்லாம் செத்துப்போச்சு. புதுசாக் குடியேத்தணும்."

"யா அல்லா. கறிக்கடையில உசிரு வாங்க வந்த மொத ஆளு நீங்கதாம்மா" என்று சொல்லிக்கொண்டே, அன்று அறுத்த ஆடுகளின் இரைப்பையைப் பிழிந்து, துணியில் வடிகட்டி வாளி நிறையக் கொடுத்தார். வாளியைத் துண்டால் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். பிள்ளையின் உடம்பு மாதிரி கதகதவென்று இருந்தது. அதை மாட்டுக்குக் குழாய் விட்டு ஊற்றினார். சில நாளில் சரோஜாவின் மாடு அசை போட்டது. அதன் கன்றும், கன்றின் கன்றும்தான் இப்போது அவள் கொட்டகையில் நிற்பவை.

இதுவரை சொன்னது நல்ல கதை. இனி சொல்வது வெள்ளச்சி கதை.

எங்கள் கோயிலுக்கு நேர்ந்து விட்ட பசு வெள்ளச்சி. ஊரே வளர்த்த பசு. எந்த வயலில் வாய் வைத்தாலும் யாரும் கை ஓங்க மாட்டார்கள். குடமுழுக்கு நடந்த அன்று பெரிய அன்னதானம். கோட்டுச்சேரியில் ஒரு மாட்டு வேலை இருந்ததால் நான் அன்று ஊரில் இல்லை. ஆனால் பந்தியில் என்ன நடந்தது என்பதை எல்லோரும் பிறகு சந்தோஷமாகச் சொன்னார்கள். சாப்பிட்டு எழுந்த ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடிச் சோறோ பொங்கலோ கொண்டுபோய் வெள்ளச்சிக்குக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு அதன் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கைக்குழந்தையின் கையில்கூட ஒரு உருண்டையை வைத்து நீட்டினார்களாம். வெள்ளச்சி யார் கையையும் தட்டவில்லை. யாரும் ஒரு மூட்டை கொட்டவில்லை. ஆளுக்கு ஒரு கை, அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளச்சி கோயில் வாசலில் படுத்துவிட்டது. கழுத்தை மடக்கி விலாவின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டது. திருஷ்டி என்றார்கள், எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். நண்பகலுக்கு மேல்தான் டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து இடக்குழியில் கையை அழுத்தினார். வெகுநேரம் அழுத்தினார். கண்ணைத் திறந்து, பெட்டியைத் திறந்தார்.

கோயில் காரியமெல்லாம் தர்மலிங்கம் ஐயா பொறுப்பு. டாக்டரம்மா அவரிடம் போனார். "சார், வயித்துல சோறு புளிச்சுக் கெடக்கு. மருந்துக்கு அடங்குமான்னு பாக்கறேன். அப்புறம் ஆட்டு இரைப்பைத் தண்ணி கொஞ்சம் ஊத்தணும். பாய் கடையில சொல்லி வச்சுடறேன்."

"எதை?" என்றார் தர்மலிங்கம் ஐயா. "சாமிக்கு நேர்ந்த பசு வாயில ஆட்டுக் குடல் தண்ணியா? என்னம்மா பேசறீங்க? கறிக்கடைச் சமாச்சாரமெல்லாம் இந்த வாசப்படி ஏறக் கூடாது."

டாக்டரம்மா வாதாடவில்லை. மருந்தை மட்டும் ஏற்றினார். வெயில் சாய ஆரம்பித்தது. வெள்ளச்சியின் காது சில்லென்று ஆகிவிட்டது. கடைசி வழி ஒன்றுதான் இருந்தது. வயிற்றைத் திறந்து சோற்றை வெளியே எடுப்பது. "பொழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன் சார். இப்படியே விட்டா பொழைக்காதுன்னு சத்தியம் பண்றேன்" என்றார். தர்மலிங்கம் ஐயா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டார்.

நான் வெள்ளச்சியின் தலையை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா மரத்துப்போகிற ஊசியைப் போட்டு, இடப்பக்கம் கிழித்தார். தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார். சோறு வந்தது. பொங்கல் வந்தது. வாரி வாரிப் போட்டார். அன்னக்கூடை நிறைந்து வழிந்தது. பருக்கை பருக்கையாக அப்படியே இருந்தது. முந்திரிப் பருப்பு முழுசாக இருந்தது. அந்தப் புளித்த வாடை எழுந்ததும் சுற்றி நின்ற கூட்டம் பின்னால் நகர்ந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். "கிட்ட வந்து பாருங்க. ஒரே ஒருத்தர் வந்து இத மோந்து பாருங்க" என்று டாக்டரம்மா கூப்பிட்டார். யாரும் வரவில்லை. எல்லோர் கண்ணும் கத்தியின் மேலேயே இருந்தது.

அவர் தையல் போட்டு முடிப்பதற்குள் வெள்ளச்சி என் மடியிலேயே அடங்கிவிட்டது.

கூட்டத்தில் ஒரு அம்மாள்தான் முதலில் மண்ணை வாரித் தூற்றினாள். "நேத்து என் கையால வாங்கித் தின்ன பசுடி! உசிரோட வயித்தைக் கிழிச்சுட்டியே! நீ பொம்பளையா?" அதன் பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ரத்தமும் புளிப்புமாக இருந்த கையோடு டாக்டரம்மா குழாயடிக்குப் போனார். யாரும் குடத்தை நகர்த்தி அவருக்கு இடம் விடவில்லை. வாய்க்காலில் இறங்கிக் கழுவிக்கொண்டார். நான் அவருடைய கத்தி கத்தரியைக் கழுவிக் கொடுத்தேன்.

"கை கையாப் போட்டாங்க பெரியவரே" என்றார். "ஒரு ஆளு கொட்டியிருந்தா அவரு ஒத்துக்குவாரு. இவ்வளவு பேரு அன்பாப் போட்டா யாரு ஒத்துக்குவா? கத்தி ஒண்ணுதான் என் கையில இருந்துச்சு. அது எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு."

அவர் மேல் ஊரார் மனு போட்டார்கள். மேலதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். அவர் மேல் தவறில்லை என்று விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. கத்திக்காரம்மா என்ற பெயர் அன்று வந்ததுதான். குழந்தை சோறு தின்ன மறுத்தால் "கத்திக்காரம்மாவைக் கூப்பிடவா?" என்று மிரட்டுவார்கள். அவர் ஸ்கூட்டர் தெருவில் வந்தால் கன்றை இழுத்து உள்ளே கட்டுகிறவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவரும் பார்த்தார். பார்க்காததுபோல் ஓட்டிக்கொண்டு போவார். ஒருநாள் மட்டும், ரொம்ப தூரம் போன பிறகு, "அந்தக் கன்னுக்கு வயித்துல பூச்சி இருக்கு. முடியப் பாத்தாலே தெரியுது. சொன்னாக் கேக்க மாட்டாங்க" என்றார்.

அன்னதானம் வரும்போதெல்லாம் அவர் தர்மலிங்கம் ஐயா வீட்டுக்குப் போவார். நான் வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உட்காரச் சொல்ல மாட்டார்கள். நின்றபடியே கேட்பார்.

"மைக்குல ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க சார். மிச்சச் சோத்தை மாட்டுக்கு வைக்காதீங்கன்னு."

"வேற எங்கம்மா கொட்டறது? சாக்கடையிலயா?"

"குழி வெட்டிப் புதைச்சுடுங்க."

"அன்னத்தைப் புதைக்கிறதா? மாடு லட்சுமி, அன்னமும் லட்சுமி. லட்சுமியை லட்சுமிக்குக் குடுக்கிறோம். நீங்க மண்ணைப் போட்டு மூடச் சொல்றீங்க. படிச்சவங்கதானா நீங்க?"

"மாட்டைக் கும்பிடுங்க சார், வேணாங்கல. ஊட்டாதீங்க."

ஒவ்வொரு தரமும் இதே பேச்சுதான். வார்த்தைகூட மாறாது. திரும்பி வரும்போது, "எதுக்கும்மா போயிப் போயி வாங்கிக் கட்டிக்கிறீங்க?" என்று கேட்டேன். "அவரு இல்லைன்னு சொல்றதுக்காவது அந்த நெனப்பு அவருக்கு வந்துதானே ஆகணும்? வருஷத்துல அன்னிக்கு ஒருநாள் வந்தாப் போதும்" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. கோவில்பத்தில் இருந்த தன் வீட்டிலிருந்து கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தார். எங்கள் ஊரில் சரோஜாவைத் தவிர யாரும் கூப்பிடவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு மாடு அவர் காலை மிதித்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை உண்டு. புண் ஆறவில்லை. கால் கறுத்து, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சரோஜாவும் நானும் போய்ப் பார்த்தோம். மூக்கில் காற்றுக் குழாய். கையெல்லாம் ஊசி. அவர் கணவர் மனோகரன் சார் எங்களை வெளியே அழைத்துப்போய், "ரத்தத்துல லாக்டிக் ஆசிட்டு ஏறிக்கிட்டே போகுதாம். அது நல்லதுக்கு இல்லைங்கறாங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே போனபோது அவருக்கும் அது தெரிந்திருந்தது. "கேட்டீங்களா பெரியவரே? எனக்கும் அதுதானாம்."

எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அதை மறைக்க, "உங்களுக்கு யாரும்மா சோறு கொட்டினது?" என்றேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, நர்ஸ் ஓடி வந்தாள். அடங்கிய பிறகு மெல்லச் சொன்னார்: "இது கிருமி விடற புளிப்பு இல்ல. உடம்புக்குக் காத்து பத்தலைன்னா உடம்பே விடறது. வண்டி மாடு ஓடி ஓடிக் கடைசியில நிக்க முடியாம நடுங்குமே, அப்ப அதுக்குள்ள இதுதான் இருக்கும். நான் ஓடிட்டேன்னு நெனைச்சுக்குங்க." பிறகு சரோஜாவைப் பார்த்து, "சின்னது சினை புடிச்சுதா?" என்று கேட்டார். அவர் பேசி நான் என் காதால் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

கருமாதி அன்று கோவில்பத்து வீட்டில் நல்ல கூட்டம். வெளியூர் மாட்டுக்காரர்கள் நிறைய வந்திருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து நானும் சரோஜாவும்தான். எதிர்பார்த்ததைவிடச் சமைத்தது மிஞ்சிவிட்டது. நாங்கள் சாப்பிட்டுவிட்டு மனோகரன் சாரோடு உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில், சாரின் தங்கை, அண்ணியின் மேல் உயிரையே வைத்திருந்தவர், மிச்சச் சோற்றையெல்லாம் அண்டா அண்டாவாக ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி எங்கள் ஊருக்கு அனுப்பியிருக்கிறார். "அண்ணி பாத்த மாடுங்க ஒரு வாய் தின்னட்டும். அவங்க ஆத்மா குளிரும்" என்று சொன்னாராம். எங்களுக்குத் தெரியாது. பஸ் பிடித்து நாங்கள் ஊர் வந்து இறங்கும்போது பொழுது போய்விட்டது. தெருவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் தர்மலிங்கம் ஐயா வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவருடைய கறவை மாடு படுத்துவிட்டது என்றார்கள். போகும்போதே வாசலில் அண்டாவைப் பார்த்தேன். அடியில் இன்னும் சோறு இருந்தது.

"ஆட்டோக்காரன் தெருமுனையில நின்னு கூப்பிட்டான்" என்றார் தர்மலிங்கம் ஐயா. "டாக்டரம்மா கருமாதிச் சோறு, மாடுங்களுக்குன்னு. மத்தவங்க கொஞ்சம் கொஞ்சம் வாங்கினாங்க. கத்திக்காரம்மா வூட்டுச் சோறுன்னு சில பேரு வேணாம்னுட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. பகையோட போன மனுஷி. வாசலுக்கு வந்த அன்னத்தைத் திருப்பி அனுப்பலாமா? அந்தம்மாவுக்கு நான் செய்யற மரியாதையா இருக்கட்டும்னு மீதியப் பூரா எறக்கச் சொன்னேன். மாடு நல்லாத்தான்யா தின்னுச்சு."

நான் மாட்டின் இடக்குழியில் கையை மடக்கி அழுத்தினேன். காத்திருந்தேன். ஒன்றும் தள்ளவில்லை. ஆப்பசோடா வாங்க ஓடினார்கள். மாட்டாஸ்பத்திரிக்கு ஒரு ஆள் வண்டியை எடுத்தான். போனவர்கள் திரும்புவதற்குள் மாடு காலை நீட்டிவிட்டது. சரோஜாவுக்கு விஷயம் தெரிந்து, சோறு வாங்கின வீடு வீடாகப் போய்ச் சோடாவைக் கரைத்து ஊற்ற வைத்தாள். அந்த மாடுகள் கொஞ்சமாகத் தின்றிருந்ததால் பிழைத்தன.

செத்த மாட்டைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஊசி போடவில்லை. கத்தி படவில்லை. எந்த டாக்டரும் வாசலுக்கு வரவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள். தர்மலிங்கம் ஐயா மாட்டின் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு அந்தம்மா எந்த எடத்துல கிழிச்சுது?"

காட்டினேன்.

"கிழி."

என்னிடம் குளம்பு சீவுகிற கத்திதான் இருந்தது. கிழித்தேன். சோறு சரிந்து தரையில் விழுந்தது. பருக்கை பருக்கையாக, அப்பளத் துண்டுகூட அப்படியே இருந்தது. அந்த வாடை எழுந்தது. கூட்டம் பின்னால் நகர்ந்தது. தர்மலிங்கம் ஐயா நகரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, ஒரு கை சோற்றை அள்ளி மூக்குக்குக் கொண்டுபோனார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது வாடையால் வந்ததா, வேறெதனால் வந்ததா என்று நான் சொல்ல முடியாது.

"இதத்தான்யா அந்தம்மா அன்னிக்கு வெளிய எடுக்கப் பாத்துச்சு" என்றார்.

கையிலிருந்த சோற்றை அவர் உடனே உதறவில்லை. சுற்றி நின்ற ஒவ்வொருவரிடமும் நீட்டினார். "மோந்து பாருங்க. நீயும் பாரு. வெள்ளச்சிக்கு நீயும் போட்டவதானே, மோந்து பாரு." அன்று மண்ணை வாரித் தூற்றின அம்மாளும் முகர்ந்தாள். முகர்ந்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாட்டுக்குக் குழி வெட்டினோம். மாட்டை இறக்கின பிறகு தர்மலிங்கம் ஐயா உள்ளே போய், மிச்சச் சோறு இருந்த அண்டாவைத் தானே தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். கை கொடுக்கப் போனவர்களை வேண்டாம் என்றார். அதை அந்தக் குழியிலேயே கவிழ்த்தார். எங்கள் ஊரில் அன்னத்தின் மேல் மண் விழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. யாரும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு கத்திக்காரம்மா என்று யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. சங்கத்தில் படம் வைக்கச் சொன்னதே தர்மலிங்கம் ஐயாதான். இதைச் சந்தோஷமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. ஒரு பெயரைக் கழுவ இன்னொரு மாடு சாக வேண்டியிருந்தது. அதுவும் அவர் வீட்டுச் சோற்றால். டாக்டரம்மா இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார். "என் பேரு கெடக்கட்டும் பெரியவரே. மாடு எழுந்துச்சா?" என்றுதான் கேட்டிருப்பார். எழவில்லை அம்மா.

அவர் கொடுத்ததாக என்னிடம் ஒரு பொருளும் இல்லை. படம்கூட இல்லை. அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம் மட்டும் இருக்கிறது. காலையில் கொட்டகைக்குள் போனதும், யாரிடமும் பேசுவதற்கு முன்னால், என் மாட்டின் இடப்பக்கம் போய்க் கையை மடக்கி அந்தக் குழியில் வைக்கிறேன். கண்ணை மூடிக்கொள்கிறேன். உள்ளே இருக்கிற ஊர் புரண்டு வந்து என் கையைத் தள்ளுகிற வரைக்கும் அங்கேயே நிற்கிறேன்.